பெரட்டுக் களத்தில் எடுத்த மூன்று படங்கள்

ராகலையில் இருந்த என் அத்தை இறந்து பதினாறு கழிந்த மறுநாள், அவருடைய அலுமாரியை ஒழித்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. என் அப்பாவும் போய்விட்டதால், எடுத்துக்கொள்ள உரிமையுள்ளவள் நான் ஒருத்திதான். சேலைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. பழைய படங்கள் என்றார்கள். கொட்டகலைக்குக் கொண்டுவந்து, வீட்டில் வைத்துத்தான் திறந்து பார்த்தேன்.

மேலே இருந்தவை எல்லாம் கல்யாணப் படங்கள். ஒன்றில் என் பூட்டனார் தலைப்பாகையும் கோட்டும் போட்டு, தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையின் பங்களா வாசலில் நிற்கிறார். அவர் பெரிய கங்காணி. இந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்கியவர். கோயில் கட்டியவர், தொரையே மரியாதை கொடுத்த மனிதர் என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். பெரிய கங்காணி வீட்டுப் பிள்ளை என்று யாராவது சொன்னால் எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

அடியில் பத்திரிகைத் தாளில் சுற்றி மூன்று படங்கள் தனியாக இருந்தன. ஆட்களைக் காலையில் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எடுத்தவை. முதல் படத்தில் ஒருவன் முட்டி போட்டிருக்கிறான். தலையில் பாதியைச் சிரைத்திருக்கிறார்கள். கை பின்னால் கட்டியிருக்கிறது. அவன் தோளின்மேல் தன் கம்பை ஊன்றிக்கொண்டு, படம் எடுப்பவரைப் பார்த்து நிற்கிறார் என் பூட்டனார். பங்களா வாசலில் நின்ற அதே முகம். இரண்டாவதில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பரா ஒன்றின் சட்டிபானைகள் அதே களத்தில் மழையில் கிடக்கின்றன. மூன்றாவதில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்.

முதல் படத்தின் பின்னால் அவன் பெயர், தோட்டத்தின் பெயர், பிறகு 'ஓடிப்போய்ப் பிடிபட்டவன்' என்று மையால் எழுதியிருந்தது. பெண்ணின் படத்துக்குப் பின்னால் 'மேற்படியான் பெண்சாதி'.

அன்றைக்கு இரவு படங்களை வீட்டில் காட்டினேன்.

"எரிச்சிரு," என்றார் என் கணவர். "செத்துப்போனவங்க பாவத்த நீ எதுக்கு வீட்டுக்குள்ள வச்சிருக்க?"

கம்பஸ் லீவில் வந்திருந்த மகள் விடவில்லை. "எரிச்சா அவரக் காப்பாத்துற மாதிரிதாம்மா. போன்ல எடுத்துப் போட்டுருவோம். எல்லாரும் பாக்கட்டும்."

இரண்டு பேர் பேச்சும் எனக்குச் சரியாகவே பட்டது. எரிக்க அடுப்புவரை போனேன். அந்த ஆளின் கண்ணைப் பார்த்ததும் கை வரவில்லை. சரி, எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தால், பாதித் தலையோடு முட்டி போட்டிருப்பதை ஊரே பார்ப்பது அவனுக்குச் சம்மதமாக இருக்குமா என்று தோன்றியது. அதை இனி யாரிடம் கேட்பது?

நான் படிப்பிக்கும் பள்ளியில், நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த டீச்சர் ஒருவர் இருக்கிறார். படத்தில் எழுதியிருந்தது அவருடைய தோட்டம்தான். பெயரைச் சொல்லி மெதுவாக விசாரித்தேன்.

"அந்தப் பேரா? எங்க மேல் லயத்துல ஒரு குடும்பத்துல மூத்த பையனுக்கு எப்பவும் அதத்தான் வைப்பாங்க," என்றார்.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறினேன். படங்களை அவர்களிடமே கொடுத்துவிடுவது, யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லி மன்னிப்புக் கேட்பது. வழியெல்லாம் அதை ஒப்பித்துக்கொண்டே போனேன்.

அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். டீச்சர் வந்திருக்கிறார் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்தார். மகன் தோட்டத்து லொறி ஓட்டுபவர். அவரும் வீட்டில்தான் இருந்தார்.

உங்கள் வீட்டில் மூத்த பிள்ளைக்கு ஒரே பெயர் வைக்கிறீர்களாமே என்று ஆரம்பித்தேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"அது எங்க தாத்தா பேருங்க டீச்சர். இந்தத் தோட்டத்துலருந்து தப்பிச்சுப் போன ஒரே ஆளு அவருதான். கங்காணி நாய விட்டுத் தேடுனானாம், பாவி. புடிக்கவே முடியலையாம்! கடல் தாண்டி ஊருக்கே போய்ட்டாரு. எங்க அப்பா அப்பக் கைக்கொழந்த."

"பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டா?" என்று கேட்டுவிட்டேன்.

"கூட்டிப் போறதுக்கு ஆள் அனுப்புறேன்னு சொல்லிட்டுத்தான் போனாராம். என்ன தடங்கலோ, வரல. ஆனா ஒருத்தன் கையிலயும் சிக்கலைல்ல?"

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். பையில் முட்டி போட்டபடி இருந்தார் அவருடைய தாத்தா. பிடிபட்டது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு மறுபடியும் ஓடியிருக்கலாம். அப்படியென்றால் இவர்கள் கதையும் உண்மை. ஓடாமல் அங்கேயே செத்திருக்கவும் கூடும். எனக்கு எதுவும் தெரியாது. தெரியாத நான் எதை எடுத்து நீட்டுவது?

உங்கள் தாத்தாவின் சம்சாரம் என்று சொல்லி, மூன்றாவது படத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். பின்னால் எழுதியிருந்ததை மகன் வாசித்தார். அந்த அம்மா படத்தை இரண்டு கையாலும் வாங்கி, குழந்தையைத் தடவினார்.

"இதா எங்க அப்பா? ஐயோ சாமி! உங்களுக்கு எப்புடிங்க கெடச்சுது?"

"எங்க அத்த வீட்ல இருந்துச்சும்மா. ராகலையில."

யார் வீட்டுப் பிள்ளை என்பதைச் சொல்லவில்லை. அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எங்க அப்பத்தா ஏன் இப்புடி நிக்கிது? அந்தப் பக்கமா எதையோ பாக்குது பாருங்க. என்னத்தப் பாக்குது?"

"தெரியலைங்கம்மா," என்றேன்.

திரும்பி வரும்போது, நல்லது செய்தேனா, என் பூட்டனாரைத்தான் ஒளித்தேனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, நான் கொடுத்திருந்த நம்பருக்கு அந்த அம்மாவின் மகன் போன் பண்ணினார். படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதாகச் சொன்னார். பிறகு, "டீச்சர், அன்னைக்கு ஒங்க பையில இன்னும் ரெண்டு படம் பாத்தேன்," என்றார்.

நான் மறைக்கவில்லை. அவருடைய பூட்டனார் பிடிபட்டது, தலையைச் சிரைத்தது, கம்பு பிடித்து நின்றவர் என் பூட்டனார் என்பது வரை சொல்லி முடித்தேன்.

"அம்மா இருக்கிற வரைக்கும் ஒங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர்," என்றார். "எரிச்சிராதீங்க."

"என்மேல கோவமா தம்பி?"

"தெரியல டீச்சர். யோசிச்சுத்தான் சொல்லணும்."

அதன்பிறகு அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. இரண்டு படங்களையும் ஒரு கடித உறையில் போட்டு, மேலே அவருடைய போன் நம்பரை எழுதி, என் சான்றிதழ்களோடு வைத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் அவரிடம் சேர்த்துவிடச் சொல்லி மகளிடம் காட்டினேன்.

"அவர் வாங்க மாட்டேன்னு சொன்னா?" என்று கேட்டாள்.

அதை நான் யோசித்திருக்கவில்லை.