துவைக்காத புடவை

காக்ஸ் டவுன் பெர்னதெத் சமூகப்பணி படித்துப் பட்டம் வாங்கியவள்தான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே கண்டுகொண்டாள். குழந்தையைக் காப்பகத்தில் சேர்க்க யார் உத்தரவு வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் இருந்தது. தாயை விட்டு வந்த பிள்ளை எப்படித் தூங்கும் என்பது மட்டும் இல்லை. அதை அழுத பிள்ளைகளிடம்தான் கற்றாள். தாய் உடுத்திய புடவை ஒன்றை வாங்கிப் பிள்ளையோடு அனுப்பிவிடுவாள். ஒரே நிபந்தனை, அதைத் துவைக்கக் கூடாது.

ஜோகுபாளையத்துக் கோமளம் வீட்டு வேலை செய்து பிழைத்தவள். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போது அவளுக்குக் கர்ப்பப்பையில் புற்று. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். சின்னப் பெண் ஷில்பாவைப் பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை.

"ஒரு புடவை குடு கோமளம். தொவைக்காம குடு" என்றாள் பெர்னதெத். ஏன் என்று சொல்லவில்லை. நீ போகப்போகிறாய், உன் வாசனையாவது பிள்ளைக்கு மிஞ்சட்டும் என்று எந்த வாயால் சொல்வது?

கோமளம் மானஸ்தி. நாலு பேர் இருக்கிற இடத்துக்கு அழுக்குத் துணியை அனுப்புவாளா? நிற்க முடியாத உடம்போடு சோப்புப் போட்டு அலசி, வாசனை லிக்விடும் ஊற்றி, மடித்து, ஷில்பாவின் துணிகளோடு வைத்துக் கட்டிக் கொடுத்தாள்.

காப்பகத்தில் ஷில்பா அதை முகத்தில் வைத்துப் பார்த்தாள். "இது அம்மாவுது இல்ல" என்று தள்ளிவிட்டாள். சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அழுது அழுது காய்ச்சலே வந்துவிட்டது.

பெர்னதெத் தன்னையே திட்டிக்கொண்டு ஸ்கூட்டரை ஜோகுபாளையத்துக்குத் திருப்பினாள். கோமளத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த முறை சொல்லிவிட்டாள். "அவளுக்கு உன் வாசனை வேணும் கோமளம்."

கோமளத்துக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "நாந்தான் பாவி, நல்லா தொவைச்சுத் தொலைச்சிட்டேனேக்கா" என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு உடம்பில் இருந்த பழைய புடவையை மாற்றச் சொன்னாள். வியர்வையும் எண்ணெயும் மருந்தும் ஊறிய துணி. அதை மார்போடு இறுக்கி அணைத்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

பெர்னதெத் வாசலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "எத்தனை நாளைக்குக்கா வாசனை நிக்கும்?"

பெர்னதெத் வாசலிலேயே நின்றாள். புடவையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றுப் போகாமல் இறுக்கி முடிச்சுப் போட்டாள். பிறகு அதன்மேல் இன்னொரு முடிச்சும் போட்டாள்.