நாகலூர் ஜல்லி ரோடு

குழந்தைகளே, மலைமேல் நாகலூர் தாண்டி, காபி எஸ்டேட்டுக்குள் போகும் ஜல்லி ரோட்டில் வாடகைச் சைக்கிள் மிதிக்கிறேன். எதிரே ஒரு வண்டிகூட இல்லை. தடித்த டயருக்கு அடியில் ஜல்லி நறநறவென்கிறது. காபிப் பழக் கூடையோடு வரும் ஓர் அம்மா ஒதுங்கி வழிவிடுகிறார்.

"அருமையான ரோடுங்க!" என்கிறேன்.

அவர் முகம் மாறுகிறது. "ஏனுங்க, கீழ போயி அப்படிச் சொல்லிப்போடாதீங்க. ஜல்லி கொட்டி ரெண்டு வருசமாச்சு. தார் போட்டாத்தான் எங்களுக்கு பஸ் வரும். நல்லாருக்குதுன்னு ஆபீசருங்க காதுல உழுந்தா இப்படியே உட்டுருவாங்க. உழுந்துட்டேன்னு சொல்லுங்க சாமி."

"பொய் சொல்ற பழக்கம் இல்லீங்க" என்று, வகுப்பில் உங்களிடம் பேசும் அதே குரலில் சொல்லிவிட்டு மிதிக்கிறேன்.

அடுத்த வளைவிலேயே சைக்கிள் சறுக்குகிறது. முழங்காலில் ரத்தம்.

அவர் ஓடி வருகிறார். "அடி நொம்பங்களா?" பிறகு முகம் மலர்கிறது. "இனி உண்மையவே சொல்லலாமுங்க."