கடைசிக் குழாயில் தண்ணீர்

பஞ்சாயத்துத் தலைவர் வேலைக்குச் சம்பளம் கிடையாது. வசவு மட்டும் ஞாயிற்றுக்கிழமைகூட லீவில்லாமல் வீடு தேடி வரும். உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊருக்கு, எழுபதுகளில், நான் தலைவராக இருந்தேன். இதைப் படிக்கிற முன்னாள் தலைவர்களே, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். என்னுடையதையும் கொஞ்சம் கேளுங்கள்.

குழாய் போன வழி

ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி வந்தது. தொட்டி மேல்தெருக் கோடியில். காலனி ஊரின் மறுகோடியில். காலனிப் பெண்கள் கழனியில் இருக்கும் பம்புசெட்டுக்குக் குடத்தோடு நடந்தார்கள். கரண்ட் இல்லாத நாளில் அதுவும் இல்லை. தேர்தலின்போது அங்கே போய், "உங்க தெருவுக்குக் குழாய் போட்டுக் கொடுத்துட்டுத்தான் நான் இறங்குவேன்" என்று வாயை விட்டிருந்தேன்.

தீர்மானம் கூட்டத்துக்கு வந்தது. மெம்பர்கள் யாரும் எதிர்க்கவில்லை. குழாய் தன் வீட்டு வாசல் வழியாகப் போனால் சரி என்று மட்டும் ஆளாளுக்குச் சொன்னார்கள். கையெழுத்து வேண்டுமே, நானும் தலையாட்டினேன். குழாய் இந்த வாசலுக்குத் திரும்பி, அந்த வாசலுக்கு வளைந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு காலனிக்குப் போனது. பள்ளம் தோண்டக் கயிறு பிடித்த யூனியன் ஓவர்சீயர் பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இன்னாங்க தலைவரே, குழாய் போடறோமா, கோலம் போடறோமா?"

திறப்பு விழா

மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் திறந்து வைக்க வந்தார். அவர் முன்னால் மானம் போகக்கூடாதென்று, மேல்தெருக் குழாய்களையெல்லாம் அன்று காலை சாக்குக் கயிற்றால் கட்டி வைத்தோம். காலனிக் குழாயைத் திருகியதும் தண்ணீர் கொட்டியது. கைதட்டல், மாலை, போட்டோ எல்லாம் ஆயிற்று. மறுநாள் கயிற்றை அவிழ்த்தோம். மேல்தெரு ஜனங்கள் குடம், அண்டா, மாட்டுத் தொட்டி எல்லாம் நிரப்பிக்கொண்டார்கள். காலனிக் குழாயில் காற்றுதான் வந்தது.

அந்தக் குழாய்க்கு எதிர்வீடு முனியம்மாவுடையது. என்னைவிட மூத்தவர், யாருக்கும் பயப்படாதவர். பஞ்சாயத்து ஆபீசுக்கே காலிக் குடத்தோடு வந்து நின்றார்.

"பெரிய மனுசன் வந்தாத்தான் தண்ணி வரும்னா, தெனம் ஒர்த்தர கூட்டிக்கினு வா நைனா."

கல்வெட்டு யோசனை

தொட்டியிலிருந்து காலனிக்கு நேராக ஒரு தனிக் குழாய் போட்டு, விடிகாலையில் முதல் தண்ணீரை அங்கே விட வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னேன். "அடுத்த கூட்டத்துல பாக்கலாம்" என்பார் துணைத் தலைவர் ஏகாம்பரம். மற்றவர்கள் டீ குடிப்பார்கள். காலனிப் பக்கம் சைக்கிளில் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஐந்து வருஷம் முடிந்ததும் தப்பித்தோம் என்று நினைத்தால், தேர்தலைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். நாற்காலி என்னை விடவில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதைச் சொல்லிப் புலம்பினேன். எங்கள் பக்கத்துக் கல்வெட்டு உலகப் பிரசித்தம் அல்லவா? ஒரு தடவை பதவியில் இருந்தவன் சில வருஷத்துக்கு மறுபடி வரக்கூடாது என்று அதில் இருக்கிறது. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"அத எயுதனவன் நிச்சயமா தலைவரா இருந்து பேஜாரானவன்தான்."

போகிற வாரம்

கடைசியில் உத்தரவு வந்தது. எங்களையெல்லாம் அனுப்பிவிட்டுத் தனி அதிகாரி பொறுப்பேற்கப் போகிறார். இன்னும் ஒரே வாரம். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். எழுந்தபோது ஒரு விஷயம் உறைத்தது: இனி எனக்கு எவன் கையெழுத்தும் வேண்டாம், எவன் ஓட்டும் வேண்டாம்!

ஆபீஸ் பின்னால் மிச்சக் குழாய்கள் துருப்பிடித்துக் கிடந்தன. காலனி ஆட்களே பள்ளம் தோண்டினார்கள். வாய்க்கால் கரையோரமாக நேர்க்கோட்டில் இறங்கி, முனியம்மா வீட்டெதிரே இருந்த பழைய குழாயிலேயே போய்ச் சேர்ந்தது. தொட்டியடியில் அதற்கென்று தனி வால்வு. காலையில் முதலில் காலனி, அப்புறம்தான் மேல்தெரு. என் வீடும் மேல்தெருவில்தான். வீட்டுக்காரி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இத்தினி வருசம் எங்கள கேக்காம ஒரு பல்பு மாத்தனதில்ல நீ. போற நேரத்துல இன்னா தைரியம் வந்துச்சி உனுக்கு?"

சாவி கைமாறியது

தனி அதிகாரி வந்த அன்று அவருக்கு முன்னாலேயே ஆபீசுக்குப் போய் நின்றேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் வால்வை மூடிவிடுவார்கள். அப்புறம் அந்தக் குழாயை யார் நினைக்கப் போகிறார்கள்? ஏகாம்பரமும் மெம்பர்களும் கும்பலாக வந்து, பழையபடி மேல்தெருவுக்கே முதல் தண்ணீர் விட வேண்டும் என்று முறையிட்டார்கள். அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பஸ் நேரத்தைக் கேட்டார். ஆபீஸ் சாவியை என்னிடமிருந்து வாங்கிப் பையில் போட்டபடி சொன்னார்:

"நான் இந்த ஊருக்கு வாரத்துக்கு ஒரு நாள்தாங்க வருவேன். ஓடிக்கிட்டிருக்கிறதை நிறுத்தறதுக்கெல்லாம் எனக்கு நேரமில்லை."

அந்த மனிதரின் சோம்பலைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

விடிகாலைப் புகார்

மறுநாள் பொழுது விடியவில்லை, கதவைத் தட்டும் சத்தம். பழக்க தோஷத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். முனியம்மா நின்றார். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"இன்னா குழாய் போட்ட நைனா நீ? இன்னிக்கி திருகனா நிக்கவே மாட்டேங்குது! தெருவெல்லாம் சேறு, ஆட்டுக்குட்டி நிக்க எடமில்ல."

"இத்தனை வருஷம் நல்லாத்தானேம்மா இருந்தது?"

"எங்க நல்லாக்கீது? தண்ணி வருதா, வருதான்னு தெனம் திருகிப் பாத்துப் பாத்து மரை தேஞ்சி போச்சி."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. கூடவே சிரிப்பும் வந்தது. "நான் இப்போ தலைவர் இல்லம்மா, அடுத்த வாரம் அதிகாரி வருவார், அவர்கிட்ட சொல்லுங்க" என்றேன், ஸ்பானரைத் தேடிக்கொண்டே.

"ஆபீசரு வர்றதுக்குள்ள எங்க வூடெல்லாம் மெதக்கும். நீ வா."

பதவியில் இருந்து நீ சாதித்தது என்ன என்று யாராவது கேட்டால், பதவி போன மறுநாள் வந்த அந்தப் புகாரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.