வலைக் கொட்டகையில் ஒரு ஸ்கூட்டர்

ஏரலிலிருந்து திரேஸ்புரத்துக்கு வீடு மாறியதால் என் ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் கட்டணம் கூடும் என்று, வண்டியைப் பார்க்க வந்த ஏஜென்ட் இன்று காலை உறுதி செய்தார்.

"ராத்திரி வண்டி தெருவுலல்லா நிக்கி. உள்ள நின்னா கட்டணம் கூடாது."

"கூடுனா வித்துருங்க. பழைய சைக்கிள் இருக்குல்லா," என்றாள் மனைவி. பதிவு செய்து ஆறு வருஷம் காத்திருந்து வாங்கிய வண்டி அது.

பக்கத்து வீட்டு மீனவர் அந்தோணி கேட்டுக்கொண்டே வந்தார். "நம்ம வலைக் கொட்டகைல விடுங்க அண்ணாச்சி. ராத்திரி வலை கடலுக்குப் போயிருது, கொட்டகை சும்மாதான கெடக்கு. வலை திரும்பி வாறதுக்குள்ள நீங்க வண்டிய எடுத்துட்டுப் போயிருவீய."

ஏஜென்ட் விடவில்லை. "மறுநாள் கோயிலுக்குப் போகணும்னு சனிக்கிழமை ராத்திரி நீங்க கடலுக்குப் போக மாட்டீயளே?"

"அன்னைக்கு வண்டி மேலயே வலையப் போட்டுருவோம். களவாங்க வாறவன் விடியுற வரைக்கும் சிக்கிக் கெடப்பான்."

சிரித்துக்கொண்டே ஏஜென்ட் படிவத்தில் 'கொட்டகை' என்று எழுதினார். மனைவி அவருக்கு இன்னொரு காப்பி கொடுத்தாள்.

திருநெல்வேலி அலுவலகத்தின் பதில் திங்கட்கிழமைத் தபாலில் வரும். என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும் நண்பர்கள், மீன் வாடைக்கு ஆட்சேபணை இருந்தால் அதற்குள் தெரிவிக்கவும்.