வேர்வை என்று சொன்னேன்

1. முதல் நாள்

கபடி ஆடுவதற்காக எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது தேற்றாத்தீவில் பாதிப்பேர் நம்பவில்லை. "கபடி ஆடுறதும் ஒரு உத்தியோகமாடா?" என்று என் மாமாவே கேட்டார். எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தான்.

அந்தக் கம்பனி தனக்கென்று ஓர் அணி வைத்திருந்தது. காலையில் களஞ்சியத்தில் பெட்டி அடுக்க வேண்டும், பின்னேரம் ஆட வேண்டும். ஆறு மாதம் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் நிரந்தர நியமனக் கடிதம், இல்லையென்றால் பஸ் ஏறி ஊருக்கு வரவேண்டியதுதான். அந்த வருடம் மட்டக்களப்பிலிருந்து எடுபட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவன் வவுணதீவுப் பாக்கியராசா. எல்லோருக்கும் அவன் பாக்கிதான்.

கோச் நிஸ்தார் சேர் ஓட்டமாவடிக்காரர். முதல் நாள் எங்களை ஆட்ட மெத்தையில் கால்வைக்கவே விடவில்லை.

"சசி, நீ லெஃப்ட் கோர்னர். பாக்கி, நீ லெஃப்ட் இன். ரெண்டு பேரும் கையப் பிடிங்க" என்றார்.

பிடித்தோம்.

"இனி கிரவுண்டச் சுத்தி நடங்க. நான் சொல்ற வரைக்கும் விடப்படாது."

ஒரு மணித்தியாலம் நடந்திருப்போம். பழைய ஆட்டக்காரர்கள் வேலியோரம் நின்று விசிலடித்தார்கள். "கலியாணம் எப்ப?" என்று ஒருவன் கேட்டான். "தாலி செய்யக் குடுத்திருக்கு. வந்த உடன உங்களுக்கும் சொல்றம்" என்றான் பாக்கி. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

கடைசியில் சேர் எங்களை நிறுத்திச் சொன்னார். "ரெய்டர் தனிய வாறான். நீங்களும் தனித்தனிய நிண்டா அவன் தொட்டுட்டுப் போயிருவான். கண்ணால ரெய்டரப் பாருங்க. பக்கத்துல நிக்கிறவனக் கையால பாருங்க."

2. கையால் கதைப்பது

தொலைக்காட்சியில் கபடி பார்க்கிறவர்களுக்கு, பாடிப்போகும் ரெய்டரின் பெயர் மட்டும்தான் தெரியும். பிடிக்கிறவன் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

கோர்னரில் நிற்பவன் ரெய்டரின் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். அடுத்த கணமே, பக்கத்தில் நிற்கும் இன் ஆட்டக்காரன் ரெய்டர்மேல் விழுந்து அடைக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் ரெய்டர் என்னையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். வாயால் சொல்லவும் முடியாது, ரெய்டருக்குக் கேட்கும். ஆகவே கோர்த்த விரல்களால் சொல்லுவோம். ஒரு அழுத்து என்றால் பொறு. இரண்டு அழுத்து என்றால் இப்போது பிடி. என் வலது கையும் பாக்கியின் இடது கையும் மூன்று மாதத்தில் அப்படிப் பழகிவிட்டன. யார் அழுத்தியது என்று எங்களுக்கே தெரியாது, ரெய்டர் கீழே கிடப்பான்.

பாக்கிக்குத் தகப்பன் இல்லை. தாய் மற்றவர்களின் வயல் வட்டையில் நாற்று நட்டும் களை பிடுங்கியும் அவனை வளர்த்தவர். வந்த முதல் கிழமையே அவன் தாய்க்குக் கோல் எடுத்து, "பெர்மனன்ட் ஆக்கிட்டாங்கம்மா, இனி நீங்க வட்டைக்கு இறங்க வேணாம்" என்று சொல்லிவிட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஏன்டா பொய் சொன்ன?"

"பொய் இல்ல மச்சான். கொஞ்சம் முந்திச் சொல்லிட்டன், அவ்வளவுதான்."

தாய் அதை நம்பி வயல் வேலையை விட்டுவிட்டார். அதன் பிறகு அந்தக் கடிதம் அவனுக்கு வந்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது.

3. வராத அழுத்து

ஐந்து மாதம் முடிந்திருந்தது, ஒரு பயிற்சி ஆட்டம். பாக்கி ரெய்டரின் தொடையைப் பிடிக்கப் பாய்ந்தான். தலையை ரெய்டரின் முதுகுப் பக்கம் வைக்க வேண்டும், அது முதல் பாடம். அன்று அவசரத்தில் முன்பக்கம் வைத்துவிட்டான். ரெய்டரின் முழங்கால் அவன் கழுத்தோடு மோதியது. எழும்பிவிட்டான். இடது கையை மட்டும் இரண்டு மூன்று தரம் உதறினான். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. நாங்கள் நாளாந்தம் எதையாவது உதறிக்கொண்டிருப்பவர்கள்தான்.

மறுநாள் ஆட்டத்தில் எனக்கு அவனிடமிருந்து அழுத்து வரவில்லை. ரெய்டர் தப்பிவிட்டான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏன் அழுத்தல்ல?"

"அழுத்தினனே."

"வரல்லடா."

"ரெண்டு தரம் அழுத்தினன் மச்சான்" என்றான். பிறகு தன் கையையே பார்த்தான். அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

குளிக்கும் இடத்தில் என்னைத் தனியே பிடித்தான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துக் கிடப்பதாகவும், கழுத்தைத் திருப்பினால் தோளிலிருந்து நெருப்பாய் இறங்குவதாகவும் சொன்னான்.

"சேரிட்டச் சொல்லுவம், வா."

"சொல்லிராத. சொன்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அங்க ஆடப்படாது எண்டு துண்டு எழுதிக் குடுப்பாங்க. மறுகா நான் வீட்டதான். இன்னும் மூணு கிழமை மச்சான். கடிதம் கைக்கு வரட்டும், நானே போய்ச் சொல்றன்."

"நோவு கூடிச்செண்டா?"

"கூடாது."

அவன் தாய் வட்டையில் இறங்காமல் இருக்கும் ஐந்து மாதம் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. சரி என்றேன். இரக்கப்பட்டுத்தான் சரி என்றேன். ஆனால் இன்னொன்றும் இருந்தது. பாக்கி இல்லாவிட்டால் புதியவன் ஒருவனோடு எனக்குச் சோடி போடுவார்கள், என் கடிதமும் ஆடிப்போகும். இதை இவ்வளவு காலமும் நான் யாருக்கும் சொன்னதில்லை.

4. மணிக்கட்டு

விரல்கள் பேசாததால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். விரல் கோர்ப்பதை விட்டுவிட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். அழுத்துவது முழுக்க என் வேலை, பாய்வது அவன் வேலை. அவன் மணிக்கட்டில் உணர்வு இருந்தது. அந்த ஏற்பாட்டில் எனக்குப் பெருமைகூட இருந்தது, வெட்கம் கெட்டவன்.

இரண்டாம் நாளே சேர் கண்டுவிட்டார். "ஏன்டா மணிக்கட்டப் பிடிக்கிறீங்க?"

பாக்கி வாயைத் திறக்க முன்னம் நான் சொன்னேன். "வேர்வை சேர். விரல் வழுக்குது."

சேர் குனிந்து எங்கள் பிடியைப் பார்த்தார். பிறகு மற்றப் பக்கத்துச் சோடியைக் கூப்பிட்டு, "டேய், இங்க பாருங்க. இவனுகளப் போலப் பிடிச்சுப் பழகுங்க" என்றார். நான் மறைத்ததை அவர் பாடமாக எடுத்தார். பாக்கி குனிந்து சப்பாத்து லேசைக் கட்டிக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன்.

5. அரையிறுதி

மூன்று கிழமை முடிய நான்கு நாள் இருந்தது. உள்ளரங்கில் அரையிறுதி. கடைசி நிமிடங்கள், இரண்டு புள்ளி முன்னுக்கு நிற்கிறோம். அவர்களின் பெரிய ரெய்டர் எங்கள் பக்கமாக வந்தான். நான் மணிக்கட்டை இரண்டு தரம் அழுத்திவிட்டுக் கணுக்காலில் விழுந்தேன். கால் சரியாக அகப்பட்டது.

பாக்கி பாய்ந்தான். வழமையாக அவன் இரண்டு கையாலும் ரெய்டரின் இடுப்பை வளைத்து இழுப்பான். அன்று இடது கை வளையவில்லை. ரெய்டர் திமிறப் போகிறான் என்று கண்டதும், கை செய்ய வேண்டியதைத் தலையால் செய்தான். குனிந்து மோதினான். ரெய்டர் அவனுக்கு மேலே விழ, அந்த இருவர் மேலும், பக்கத்தில் நின்ற எங்கள் கவர் ஆட்டக்காரனும் விழுந்தான்.

நடுவர் விசில் அடித்துக் கையை எங்கள் பக்கம் தூக்கினார். சனம் கத்தியது. எல்லோரும் எழும்பினார்கள். பாக்கி எழும்பவில்லை. நான் முழங்காலில் தவழ்ந்து போய் அவன் முகத்துக்கு நேரே குனிந்தேன். வலி இருப்பவனைப் போல அவன் முகம் இருக்கவில்லை.

"சசி" என்றான் மெதுவாக. "என்ட கால் எங்க கிடக்கு?"

இரண்டு காலும் நேராக, அவனுக்கு முன்னால்தான் கிடந்தன.

6. டாக்டர் கேட்டது

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதுக்கு முன்ன கை ஏதும் மரத்ததா, பலம் குறைஞ்சதா? யாருக்காவது தெரியுமா?"

அணி முழுக்க அங்கே நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "எனக்குத் தெரியும்" என்றேன். எத்தனை நாளாக என்று கேட்டார். பதினேழு நாள் என்றேன். அவர் எழுதிக்கொண்டு உள்ளே போனார்.

சேர் சுவரோடு சாய்ந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "வேர்வைண்டு சொன்னியே மகன்" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை என்னிடம் எடுக்கவே இல்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து எந்தச் சோடியையும் மணிக்கட்டைப் பிடிக்க அவர் விடவில்லை.

நான்கு நாள் கழித்து எனக்கு நியமனக் கடிதம் வந்தது. பாக்கிக்கு வரவில்லை. நான் அதை வாங்கிக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஆடினேன். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருந்தால் இதைப் படிக்க நன்றாக இருந்திருக்கும். நான் கொடுக்கவில்லை.

7. வவுணதீவில்

வாவிக்கு மேற்கே அவன் வீட்டுக்குப் போக எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஒவ்வொரு விடுமுறையிலும் பாலம் வரைக்கும் போவேன், கிறுகி வந்துவிடுவேன்.

போன அன்று பாக்கி மாமரத்துக்குக் கீழே சக்கர நாற்காலியில் இருந்தான். தோள் மெலிந்திருந்தது, வாய் அப்படியே இருந்தது. "இப்பதான் வழி தெரிஞ்சதா உனக்கு?" என்று கேட்டான். தாய் வயலிலிருந்து வந்தார், காலெல்லாம் சேறு. திரும்பவும் வட்டையில் இறங்கிவிட்டார். கையைக் கழுவிவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"நீ பக்கத்துல இருந்ததாலதான் மனே, அவன் அந்த ஆறு மாசமும் சந்தோசமா இருந்தான்" என்றார். "அவன் எப்பவும் சொல்லுவான், சசி என்ட கைய விடமாட்டான் எண்டு."

அவருக்கு ஒன்றும் தெரியாது. பாக்கி சொல்லியிருக்கவில்லை.

அவர் உள்ளே போனதும் நான் உடைந்துவிட்டேன். "நான் அண்டைக்கே சேரிட்டச் சொல்லியிருக்கணும்டா" என்றேன்.

அவன் என்னைத் தேற்றவில்லை. உன்மேல் பிழை இல்லை என்றும் சொல்லவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னான்.

"சொல்லியிருந்தா உன்ன மன்னிச்சிருக்க மாட்டன் மச்சான். என்ட பொழப்பக் கெடுத்தவன் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிருப்பன். உன்னக் கண்டா ரோட்டுல மற்றப் பக்கத்தால போயிருப்பன்."

பிறகு, "போயிருப்பன்தானே. நடந்து" என்றான்.

இப்போது நான் பயிற்சி கொடுக்கிறேன். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். புதிதாக வருகிற ஒவ்வொரு சோடிக்கும் நான் சொல்வது இதுதான். உன் பக்கத்தில் நிற்பவனின் கையில் பலம் குறைந்தால் உலகத்திலேயே முதலில் தெரியவருவது உனக்குத்தான். டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பெற்ற தாய்க்கும் தெரியாது. அன்றைக்கே வந்து என்னிடம் சொல். அவன் உன்னை ஏசுவான், சாகும்வரை உன்னோடு கதைக்காமல் விடுவான். விடட்டும்.

பாக்கி என்னோடு நல்லாத்தான் கதைக்கிறான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவனே கோல் எடுப்பான்.