ரேடியோவின் அறைக்கு என்ன கலர்?

என் அண்ணன் பெயிண்டர். அக்கம்பக்கத்தில் பாதிச் சுவர்கள் அவன் கைபட்டவை. சொந்த வீட்டுச் சுவர் மட்டும் பிசுக்கேறிக் கிடக்கும். கேட்டால் நாளைக்கு என்பான். அந்த நாளை கடைசியில் வரக்கூடாத நேரம் பார்த்து வந்தது.

அவன் மகளுக்கு ரத்தப் புற்றுநோய். ஏழு வயது. ஓயாமல் பேசுவாள் என்பதால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். முதல் சுற்று மருந்து முடிந்ததும், சில நாள் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், வீடு மட்டும் சுத்தமாக இருக்கட்டும் என்றார் டாக்டர். அண்ணி ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். வீட்டைத் தயார் செய்வது அண்ணன் பொறுப்பு. பெயிண்டருக்கு வேறென்ன தோன்றும்? பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, பட்டி பார்த்து, அவள் அறைக்கு இரண்டு கை மஞ்சள் அடித்துவிட்டு, பெருமை பிடிபடாமல் போய் நர்ஸிடம் சொன்னான். அந்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளை. தூசியும் வாடையும் அடங்கும்வரை அந்த வீட்டுக்குள் விடவே கூடாதாம்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் படியில் உட்கார்ந்து அழுதான். எனக்கும் அழுகை வந்தது, அதனால் இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

அண்ணி திட்டவில்லை. போனில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "உன் ரூம் அடுத்த தெருவுலதானே?"

அவ்வளவுதான். என் ஒற்றை அறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தோம். ரேடியோவின் கட்டில், தலையணை, அவள் சுவரில் கோணலாகவே தொங்கும் கடிகாரம் எல்லாம் அங்கே போயின. நான் மூட்டை கட்டிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போனேன். ரேடியோ வந்து என் சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பெயிண்டர் தங்கச்சி ரூம் இப்படியா இருக்கும் என்று என்னைக் கேட்டாள். பிறகு அப்பாவிடம் தன் அறைக்கு என்ன கலர் என்றாள். அவன் வாயெடுப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்: "வைத்தியத்தை முடிச்சிட்டு வந்து நீயே பார்த்துக்கோ."

அடுத்த சுற்றில் ரேடியோ பேச்சை நிறுத்திவிட்டாள். ஊசி என்றால் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வாள். மருந்தை நடுவில் விட்டால் பட்டதெல்லாம் வீண் என்று டாக்டர் சொல்லிவிட்டார். யார் கெஞ்சியும் கை வெளியே வரவில்லை. அண்ணிதான் அவள் காதருகே குனிந்து, உன் அறைக் கலரைக் கண்டுபிடிக்கிறாயா, ஊசிக்கு ஒரு கலர் சொல்லலாம் என்றாள். கை மெதுவாக வெளியே வந்தது. பொய் சொல்லக்கூடாது என்று ரேடியோ அப்பாவிடம் சத்தியம் வாங்கினாள். அவன் பிரஷ் மேல் சத்தியம் செய்தான்.

நீலமா என்றாள். இல்லை. ரோஜாவா? இல்லை. வாந்திக்கு நடுவில் ஊதா, காய்ச்சலில் வெள்ளை. கை மட்டும் தவறாமல் நீண்டது.

பாதி வைத்தியம்கூட ஆகவில்லை, ஒரு காலையில் மஞ்சளா என்று கேட்டுவிட்டாள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஊசியோடு நர்ஸ் நிற்கிறார். இன்னும் எத்தனையோ ஊசி பாக்கி.

"இல்லடா கண்ணு," என்றான்.

வெளியே வந்து என்னிடம், "பிள்ளைகிட்ட பொய் சொல்லிட்டேன்," என்றான். நேரே வீட்டுக்குப் போய் டப்பாவைத் திறந்தான். வாடை போக அவகாசம் இருக்கிறதா என்று இந்த முறை முதலிலேயே நர்ஸிடம் கேட்டுக்கொண்டுதான். ரேடியோ சொல்லியிருந்த கலர்களையெல்லாம் ஒதுக்கி, எதையெதையோ கலந்து, பச்சையிலும் சேராத சாம்பலிலும் சேராத ஒரு நிறத்தை மஞ்சள் மேல் அடித்தான். இப்போது நான் சொன்னது பொய்யில்லை என்றான். இப்படியும் ஒரு பைத்தியமா என்று கேட்டேன். ஆனால் அன்றைக்கு அவன் மேல் எனக்கு வந்த அளவு பாசம் அதற்கு முன் என்றுமே வந்ததில்லை.

அந்தப் பெயரில்லாத நிறத்தை ரேடியோவால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசி ஊசியும் முடிந்தது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இனி மாதம் ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தவள் அறை நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். நேரே போய் ஸ்விட்ச் போர்டு ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். பெயிண்டர் மகளல்லவா, அடியில் என்ன இருக்கும் என்று பார்க்கத் தெரியும். ஒரு செதில் உதிர்ந்தது. உள்ளே மஞ்சள்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் அன்னைக்கே ஜெயிச்சிட்டேன்," என்றாள் ரேடியோ. "சொல்லியிருந்தா அடுத்த ஊசிக்குக் கையை நீட்டியிருக்கவே மாட்டேன்."

பிறகு சுவரை இன்னொரு முறை பார்த்தாள்.

"இந்தக் கலர் நல்லாவே இல்லப்பா. நர்ஸ்கிட்ட கேட்டுட்டு மறுபடியும் மஞ்சளே அடிங்க. அத்தை, வாங்க, உங்க ரூமுல இருக்கற என் சாமானையெல்லாம் காலி பண்ணணும்."