பதினேழாம் செடி

பருத்தி மொக்கின் அடியில் வலது கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு சுற்று சுற்றினால், இதழோடு மகரந்தமும் கழன்று கையோடு வந்துவிடுகிறது. காய் பிடிக்கும் நடுத்தண்டு மட்டும் கீறல் படாமல் நிற்கிறது. அதன்மேல் சிவப்புக் காகித உறையைக் கவிழ்த்துவிட்டு அடுத்த மொக்குக்குப் போகிறாள் பொற்கொடி. மறுநாள் காலையில், வாடல் நோய் தாங்கும் இன்னொரு ரகத்தின் பூவைக் கொண்டுவந்து அதில் தடவுவாள். கோவையில் ஒரு பருத்தி ஆராய்ச்சிப் பண்ணையில் இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. அந்த ஒரு நகத்தை மட்டும் வெட்டுவதில்லை. தேங்காய் துருவும்போது அதற்குத் துணி சுற்றிக்கொள்கிறாள்.

"துளி மகரந்தம் மிஞ்சுனாலும் செடி தன் மகரந்தத்துலயே காய் புடிச்சுக்குமுங்க. அப்பறம் அது கலப்பே இல்லீங்க, பழைய தாய்ச்செடியேதான்" என்பாள்.

எந்தச் செடி நோய் தாங்கும் என்று இலையைக் கன்னத்தில் தேய்த்துச் சொல்வாள். பத்தில் ஏழு பலிக்கும். விஞ்ஞானி வெங்கடபதி வண்டியை நிறுத்தியதும், "என்ன பொற்கொடி, எது தேறும்?" என்றுதான் கேட்பார்.

அதெல்லாம் இரண்டு வருடத்துக்கு முன்பு. பிறகு ஆய்வகத்துக்கு லோகப்பிரியா வந்தாள். அவளுக்குப் பொட்டளவு இலை போதும். சின்னக் குப்பியில் போட்டு எடுத்துப்போய், நோய் தாங்கும் மரபணு அந்தச் செடிக்கு வந்திருக்கிறதா என்று இரண்டே நாளில் சொல்லிவிடுகிறாள். பத்துக்குப் பத்து. இப்போது வண்டி ஆய்வக வாசலில் நிற்கிறது.

பொற்கொடிக்கு வயிறு எரிகிறது. மறைக்கவும் தெரியவில்லை. "நேத்து மொளச்ச காளானு, ஒரு நாள் தண்ணி கட்டியிருக்குமா?" என்று களையெடுப்பவர்களிடம் பொருமுகிறாள். "நகத்துலயே எப்படிங்கக்கா இத்தனை சுத்தமா எடுக்கறீங்க?" என்று அந்தப் பெண் மெய்யாகவே வியந்தபோது இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. வெறுப்பதற்கு ஒரு காரணமாவது கொடுக்கக் கூடாதா?

இந்தப் பருவத்தில் எல்லோர் கண்ணும் பதினேழாம் செடிமேல். கிளை தாங்காத காய். ஆனால் லோகப்பிரியா குப்பியோடு அதன் பக்கம் வந்தாலே பொற்கொடி மறித்துவிடுகிறாள். "அதைய நான் பாத்துக்கறனுங்க அம்மணி."

காரணம், செடியருகே நட்ட குச்சியில் இருக்கும் தேதி. அந்தச் செடி முளைத்த விதைக்காக, போன பருவத்தில் தாய்ச்செடியின் மொக்கைச் சுற்றியெடுத்த நாள். அன்று பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். வெங்கடபதியும் லோகப்பிரியாவும் வரப்பில் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருடத்தில் பொற்கொடியை யாரும் அப்படிக் கூப்பிட்டு நிறுத்தியதில்லை. நகம் மொக்கில், கண் வரப்பில். சுற்று முழுசாக வந்ததா, துளி மகரந்தம் மிஞ்சிவிட்டதா என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது.

போன வியாழக்கிழமை, அதன் விதையை வெளியூர்ப் பண்ணைகளுக்கு அனுப்பிவிடலாம் என்றார் வெங்கடபதி. லோகப்பிரியா குப்பியை எடுத்தாள். "பொற்கொடி கை வெச்சதுக்கு டெஸ்ட் எதுக்கும்மா?" என்று அவர் தடுத்துவிட்டு வண்டியேறிப் போனார். இரண்டு வருடமாகப் பொற்கொடி ஏங்கிக் கிடந்த சொல். லோகப்பிரியா குப்பியைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு நடந்தாள். பொற்கொடி குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தப்பாகிப் போனால் அத்தனை பண்ணைக்கும் ஒரு பருவம் பாழ்.

"ஏனுங்க அம்மணி, நில்லுங்க."

பதினேழாம் செடியின் தளிரில் அந்த நகத்தை வைத்துப் பொட்டளவு கிள்ளினாள். லோகப்பிரியாவின் பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்து, அதில் போட்டு, மூடியை அழுத்தி, அவள் உள்ளங்கையில் வைத்தாள்.